கிணற்றுக்குள் இறக்கிய மெசின்

கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் உதயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்கள்தான் பெரும்பாலும் அப்படிப் பேசுவார்கள். அந்தக் காலத்தில் புகை இல்லை, இரைச்சல் இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை, மனிதன் தன் உடம்பை நம்பி வாழ்ந்தான் என்பார்கள். அவள் குறுக்கே விழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நீங்கள் மிதிச்சனீங்களோ?"

மிதித்திருக்க மாட்டார்கள். மிதித்தவன் உருக மாட்டான். ஒருவர் துலாவின் மேலே ஏறி முன்னும் பின்னும் நடக்க வேண்டும், ஒருவர் கிணற்றுக்கட்டில் நின்று தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையைப் பிடித்துச் சரிக்க வேண்டும், இன்னொருவர் வாய்க்காலோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற வேண்டும். விடியும் முன் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை இதுதான் வேலை. ஆண்பிள்ளைகள் இல்லாத வீட்டுக்குத் தோட்டம் இல்லை என்று அதற்கு அர்த்தம். உதயகலாவின் தகப்பன் பொன்னம்பலத்துக்கு ஒரேயொரு பிள்ளை, அதுவும் பெட்டை.

அந்த வீட்டுக்குத் தோட்டத்தைக் கொடுத்தது மண்ணெண்ணெய். இதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதில்லை. இவ்வளவும் நடந்த பிறகும் அவள் அதை மறுக்கவில்லை. வட்டுக்கோட்டைக்குக் கிழக்கே அந்தச் சிறிய ஊரில் அவளை 'மெசின் உதயா' என்று கூப்பிடுவார்கள். முதலில் நக்கலாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு தங்கள் தங்கள் இறைப்பு மெசின் இடக்குப் பண்ணும்போது அவள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டதால் நக்கல் மெல்லக் கழன்றுபோனது.

மெசின் வேலையை அவள் பழகியது போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது. யாழ் குடாநாட்டுக்குள் எண்ணெய் வராது. வந்த கொஞ்சமும் யானை விலை. இறைப்பு மெசினின் குணம், குளிர்ந்து கிடக்கும்போது மண்ணெண்ணெயில் எடுக்காது. முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்து ஓடவிட்டு, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் கொஞ்சப் பெற்றோலைப் பொன்னம்பலம் கண்ணுக்கு விடுகிற மருந்துக் குப்பி ஒன்றில் வைத்திருந்தார். துளித் துளியாகக் காபரேற்றருக்குள் விடுவார். மகள் கயிறு சுற்றி இழுப்பாள். துளி வீணானால் அடி விழும். சாப்பாட்டை வீணாக்கியதற்குக்கூட அந்த வீட்டில் அடி விழுந்ததில்லை.

போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன அந்தப் பெருமழை நாளில், ஊர்ச்சனம் நகையையும் காணி உறுதியையும் கட்டிக்கொண்டு போக, பொன்னம்பலம் மெசினின் காபரேற்றரையும் பிளக்கையும் கழற்றிச் சீலையில் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். மனைவி பராசக்தி வழி நெடுகத் திட்டினாள். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. மெசின் மட்டும் போட்ட இடத்தில் கிடந்தது. ஓடாத மெசினை எவன் சுமப்பான்? அதன் பிறகு பராசக்தி அவரைத் திட்டவில்லை.

தகப்பன் காலமானபோது உறவுக்காரர் வந்து இருந்து கதைத்தார்கள். காணியைச் சித்தப்பா பக்கத்துக்குக் குத்தகைக்கு விடலாம், பெட்டைக்கு ஒரு இடம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டொரு இடம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தோட்டத்திலிருந்து எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவே வந்தார்கள். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் மெசினை இழுத்து இறைத்தாள், அதற்கடுத்த நாளும் இறைத்தாள். கேட்டவர்கள் களைத்துப்போனார்கள். வெங்காயமும் புகையிலையும் வைத்துத் தாயையும் தன்னையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். அடுப்புப் புகையில் இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்த தாய்க்குக் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தபோது, பராசக்தி நீல நெருப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அந்த வருடம் அவளுக்கு இருமல் நன்றாகக் குறைந்தது. எண்ணெயும் காஸும் தங்களுக்குச் செய்ததை உதயகலா யாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரியவில்லை. மூச்சு விடுகிறதை யாரும் பெருமையாகச் சொல்வார்களா?

கிணறு பங்குக் கிணறு. பொன்னம்பலத்துக்கும் அவருடைய தம்பிக்கும் பொதுவாக இருந்தது, பிள்ளைகள் காலத்தில் உதயகலாவுக்கும் சித்தப்பாவின் மூத்த மகன் ஜெயதீபனுக்கும் பொதுவானது. பங்குக் கிணறு என்றால் வழக்கும் வெட்டும் என்பது எங்கள் பக்கத்து வழமை. ஒரு முழத் தண்ணீருக்காக நீதிமன்றப் படியேறி முடி நரைத்தவர்கள் உண்டு. இவர்களுக்குள் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. ஜெயதீபனுக்கு அவசரமென்றால் அக்கா விட்டுக்கொடுப்பாள், அக்காவின் மெசின் நின்றால் ஜெயதீபன் வந்து கயிறு இழுப்பான். அவன் அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். சிரித்த முகம், பொறுமை மட்டும் கிடையாது. பெண்சாதி தர்சினியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவன் வீட்டில். தம்பி லோஜன் இன்னும் கலியாணம் கட்டாமல் அவர்களோடுதான் இருந்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு நாட்டில் எண்ணெய் நின்றுபோனது. தெற்கில் உள்ளவர்களுக்கு அது புதினமாக இருந்திருக்கும். இங்கே கிழடுகட்டைகள், "உது எங்களுக்குப் பழகினதுதானே" என்று ஒருமாதிரிச் சிரித்தார்கள். பழகியது உண்மைதான். ஆனால் தடைக் காலத்தில் ஊரில் இருந்தது நாலைந்து மெசின். இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் மெசின். துலாக்களை எல்லாம் எப்போதோ விறகுக்குக் கொத்தியாகிவிட்டது, பட்டை பின்னத் தெரிந்த ஆளும் இல்லை. காஸ் இல்லாமல் பராசக்தி பழையபடி விறகடுப்புக்கு வந்தாள், இருமலும் பழையபடி வந்தது. மண்ணெண்ணெய்க்குக் கான்களைக் கயிற்றில் கோர்த்து வரிசையில் வைத்துவிட்டுச் சனம் வெயிலில் காத்திருந்தது. போத்தலில் பெற்றோல் கொடுக்கத் தடை. ஊரில் நின்ற மோட்டார் சைக்கிள்களை எல்லாம் சரித்துக் குலுக்கினாலும் ஒரு மூடி தேறாது. மின்சார மோட்டார் போடலாமென்றால் தோட்டத்துக்கு லைன் இல்லை. லைன் இருந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை.

ஆடி மாதம். சோளகக் காற்று அடித்து நிலத்தை உரித்துக்கொண்டிருந்தது. உதயகலாவின் தோட்டத் தரையில் வெங்காயம் கிழங்கு திரளும் பருவத்தில் நின்றது. ஜெயதீபனின் தரையில் மிளகாய் பூத்துப் பிஞ்சு பிடித்திருந்தது. அந்த நேரத்தில் இரண்டு தண்ணீர் தவறினால் அவ்வளவு பாடும் மண்ணோடு மண். கிணற்றிலும் நீர்மட்டம் இறங்கிவிட்டது. மெசின் மேலே நின்று இழுக்கிற ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு, தண்ணீர் அதற்குக் கீழே போனால் காற்றைத்தான் இழுக்கும். அப்படியான கோடையில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலை, மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது. பாதி ஆழத்தில் கல்லில் வெட்டிய அகலமான படி ஒன்று இருக்கும். அதில் மெசினை இருத்தி, கயிறு இழுத்து ஓடவிட்டு, உடனே மேலே ஏறிவிட வேண்டும். ஏறாமல் நிற்கிறவன் முட்டாள் என்பது குழந்தைக்கும் தெரியும். சில கிணறுகளில் புகை வெளியே போகக் குழாய் பூட்டுவார்கள். இவர்களுடைய குழாய் துருப்பிடித்து உக்கிப் போய்ப் பல வருடம். உடனே ஏறிவிடுகிறோம்தானே என்று யாரும் புதிது பூட்டவில்லை.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்த அந்த விதி ஓடுகிற மெசினுக்கு உரியது. நின்றுபோன மெசினுக்கு விதி ஏதும் இருக்கவில்லை. சத்தம் நின்றால் புகையும் போய்விட்டது என்று மனதுக்குள் ஒரு எண்ணம். காது ஓய்ந்ததும் மூக்கும் நம்பிவிடுகிறது. மேலே சோளகம் ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசினாலும் கிணற்றுக்குள் ஒரு இலைகூட அசையாது என்பதை அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?

அன்றைக்கு உதயகலாவின் முறை, அடுத்த நாள் ஜெயதீபனின் முறை. இரண்டு பேரும் இருந்த மண்ணெண்ணெயை ஒன்றாக ஊற்றி, ஒரே ஓட்டத்தில் இரண்டு தரையையும் இறைத்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். இருந்த கடைசித் துளிப் பெற்றோலில் தன் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டது ஜெயதீபன்தான். வெங்காயத் தரையில் பாதிக்குத் தண்ணீர் போயிருந்தது. உதயகலா மண்வெட்டியோடு பாத்தி மாறிக்கொண்டு நின்றாள். மெசின் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றுபோனது.

அந்த அமைதியை அவள் நன்றாக அறிவாள். கானின் அடியில் தண்ணீர் கலந்த எண்ணெய். தட்டுப்பாட்டுக் காலத்தில் வருகிற எண்ணெய் எல்லாம் அப்படித்தான். காபரேற்றரின் அடியில் உள்ள திருகாணியைக் கழற்றி அந்தத் தண்ணீரை வடியவிட்டால் திரும்ப ஓடும். மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். ஜெயதீபன் அதற்கு முதலே வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பொறடா. கொஞ்ச நேரம் போகட்டும். புகை கிடக்கு."

"பொறுத்தால் மெசின் ஆறிப்போடும் அக்கா. ஆறினால் மண்ணெண்ணையிலை எடுக்காது. பெற்றோல் எங்கை கிடக்கு? சூட்டோடை இழுத்தால்தான் உண்டு."

அவன் சொன்னது சரி. அதுதான் கேடு. பிழையான கதை சொல்லியிருந்தால் அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருப்பாள். மெசினைப் பற்றி அவளுக்குத் தெரிந்த எல்லாமே அவன் பக்கத்தில் நின்றது. திரும்பி வெங்காயத்தைப் பார்த்தாள். நனைந்த பாதி கறுப்பாகவும் நனையாத பாதி சாம்பலாகவும் கிடந்தது. பிறகு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"கெதியா ஏறி வா."

அவன் இறங்கினான். திருகாணியைக் கழற்றுவது மேலிருந்து தெரிந்தது. கழற்றினான், வடியவிட்டான், திரும்பப் பூட்டினான். கயிற்றைச் சுற்றி ஒரு தரம் இழுத்தான். இரண்டாம் தரம் சுற்றப்போனவன் சுற்றாமல் படியில் குந்தினான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். நித்திரைக்குப் போகிற பிள்ளையைப் போல மெசினின் எண்ணெய்த் தாங்கியில் தலையைச் சாய்த்தான். பிறகு ஒரு பக்கமாக வழுகி, இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள்ளும் மேலே படியிலுமாகக் கிடந்தான்.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தரையிலிருந்து லோஜன் ஓடி வந்தான். வீட்டிலிருந்து தர்சினி வந்தாள். லோஜன் எட்டிப் பார்த்தான், கிணற்றுக்கட்டில் காலைத் தூக்கிப் போட்டான். உதயகலா பின்னாலிருந்து அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து மல்லாக்க இழுத்து விழுத்தினாள்.

"விடுங்கோ! அண்ணை கிடக்கிறார் அக்கா, விடுங்கோ!"

"இறங்காதை. இறங்கினால் நீயும் சாவாய். புகையடா, புகை!"

"புகை எங்கை கிடக்கு? ஒண்டும் தெரியேல்லை!"

உண்மைதான், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கயிறு இருந்திருந்தால் இடுப்பில் கட்டி இறக்கியிருக்கலாம். இருந்த ஒரே கயிற்றின் மறுமுனை கீழே மெசினில் முடிந்திருந்தது. லோஜன் அவளை உதறினான், முழங்கையால் முகத்தில் இடித்தான். வாயில் இரத்தம் வந்தது. அவள் பிடியை விடவில்லை. தர்சினி கிணற்றுக்கட்டில் குனிந்து நின்று கத்தினாள்.

"மச்சாள், அவர் மூச்சு விடுறார். நான் பாக்கிறன், நெஞ்சு அசையுது. அவனை விடுங்கோ மச்சாள்! உங்களைக் கும்பிட்டன்!"

அசைந்தது நெஞ்சோ, தண்ணீரோ, யாருக்குத் தெரியும்? உதயகலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்தால் விட்டுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டக்காரர் ஓடி வந்து லோஜனைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தாள். வாளி வாளியாகத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விசிறி ஊற்றச் சொன்னாள். பூவரசங் கொப்புகளை முறித்துக் கட்டாகக் கட்டி, யாரோ கொண்டுவந்த கயிற்றில் இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்கச் செய்தாள். பிறகு ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி அவனைக் கொண்டுவந்தார். மேலே வந்தது உயிர் இல்லாத உடம்பு.

ஆஸ்பத்திரியில், நஞ்சுக் காற்று, நிறமும் இல்லை மணமும் இல்லை, இரண்டு மூன்று நிமிடம் போதும் என்றார்கள். லோஜனும் இறங்கியிருந்தால் இரண்டு பிரேதம் வந்திருக்கும் என்றும் சொன்னார்கள். செத்த வீட்டில் அந்தக் கதையை யார் கேட்பது? பிரேதத்தைப் பார்த்துக் குழறும்போது தர்சினி பெயர் சொல்லாமல் சொன்னாள், தன் புருஷனின் கடைசி மூச்சை ஒருத்தி கையைக் கட்டி நின்று பார்த்தாள் என்று. பெண்கள் எல்லோரும் திரும்பி உதயகலாவைப் பார்த்தார்கள். லோஜன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தான் உயிரோடு நிற்பதையே அவள் செய்த கொடுமையாக அவன் நினைத்தான்.

ஊர் முழுக்கத் தப்பான இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதுதான் உதயகலாவைக் கொன்றது. லோஜனைப் பிடித்ததற்காக அவள் ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை. ஜெயதீபனைப் பிடிக்காமல் விட்டதுதான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்து நின்றது. பிற்பாடு ஆளை நிலத்தில் விழுத்திப் பிடித்த அதே கைகள், அதற்கு முதல் மண்வெட்டிப் பிடியின் சூட்டோடு சும்மா தொங்கிக்கொண்டு நின்றனவே. வெங்காயத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? தாயிடம்கூட அவள் சொல்லவில்லை. பராசக்தி விறகடுப்புக்கு முன்னாலிருந்து இருமிக்கொண்டே, "உன்னாலை ஒரு உயிராவது மிஞ்சினது பிள்ளை" என்றபோது எழுந்து வெளியே போனாள்.

அந்த நாட்களில் ஒருவரும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்தது. மறுநாள் கிணறு இறைக்க வேண்டும் என்ற கதை வந்தது. ஆள் விழுந்து செத்த கிணற்றை அடியோடு இறைத்துக் கலக்கி, ஊற்றுத் தண்ணீர் புதிதாக வந்த பிறகுதான் வாய் வைக்கலாம். அதுவரை, குடிதண்ணீருக்கும் அந்தக் கிணற்றையே நம்பியிருந்த தர்சினியும் பிள்ளைகளும் அயல் வீடுகளில் குடத்தைக் கொண்டு திரிந்தார்கள். இறைக்கிறதென்றால் மெசின் வேண்டும். தண்ணீர் கிடக்கிற ஆழத்துக்கு மெசினை உள்ளே இறக்க வேண்டும். மறுபடியும் அதே படியில்.

காலையில் வண்டி உருளும் சத்தம் கேட்டு உதயகலா வேலியோடு வந்து பார்த்தாள். லோஜன் தங்கள் வீட்டு முற்றத்தில் கிடந்த அதே மெசினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். காற்சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல். எங்கேயோ யாரையோ கெஞ்சிக் கொஞ்சம் பெற்றோல் வாங்கியிருக்கிறான். அவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். நடந்ததற்குப் பிறகு அன்றுதான் இருவரும் நேருக்கு நேர் கதைத்தார்கள்.

"மெசின் வேண்டாம் தம்பி."

"மெசின் இல்லாமல் உந்தக் கிணத்தை ஆர் இறைக்கிறது? நீங்களோ?"

"வாளியாலை அள்ளுவம்."

"வாளியாலை அள்ளி எண்டைக்கு முடிக்கிறது? அண்ணை செத்த தண்ணியைப் பிள்ளையள் குடிக்கிறதோ? விலகுங்கோ. அண்டைக்குப் பிடிச்ச மாதிரி இண்டைக்கும் பிடிக்கப் பாக்கிறியளோ?"

அவள் விலகவில்லை. அவன் அவளைச் சுற்றிப் போய்க் கயிற்றை மெசினில் முடிந்தான், இறக்கினான். மெசின் கல்லில் தட்டி இருந்த சத்தம் மேலே கேட்டது. ஓடவிட்டு உடனே ஏறிவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான். போத்தலைப் பல்லில் கடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் காலைப் போட்டான்.

அந்த நேரத்தில்தான் தர்சினி வந்தாள். வெறுங்காலோடு, தலை விரித்தபடி, வீட்டிலிருந்து ஓடி வந்தாள். வந்த வேகத்திலேயே லோஜனின் சேட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். சேட்டு கிழிந்தது. கிழிந்த துணியை விட்டுவிட்டு அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"இறங்காதை! நான் விடமாட்டன். இறங்காதை!"

"அண்ணி, விடுங்கோ, எடுத்துப்போட்டு உடனே வாறன்."

"அவரும் உடனே வாறன் எண்டுதான் போனவர்!" திரும்பி உதயகலாவைப் பார்த்தாள். "மச்சாள், பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. வந்து பிடியுங்கோ!"

உதயகலா வந்து பிடித்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து அவனை இழுக்க, மூன்று பேரும் மண்ணில் விழுந்தார்கள். லோஜன் உதறவில்லை. வாயிலிருந்த போத்தல் எங்கேயோ உருண்டு போனது. அவன் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு, செத்த வீட்டில் அழாத அழுகையை அப்போதுதான் அழுதான்.

தர்சினியின் கைகள் இன்னும் அவன் இடுப்பில்தான் இருந்தன. அவற்றை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை போல இருந்தது.

"தர்சினி" என்றாள் உதயகலா. "லோஜனைப் பிடிச்சது பிழை இல்லை. நான் ஜெயதீபனை விட்டதுதான் பிழை. பொறு எண்டு ஒருக்காத்தான் சொன்னனான். பேந்து வெங்காயத்தைப் பாத்துப்போட்டுக் கெதியா ஏறி வா எண்டு சொன்னனான். என்ரை வாயாலைதான் சொன்னனான்."

தர்சினி கத்துவாள், அடிப்பாள் என்று உதயகலா காத்திருந்தாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்டைக்குக் காலமை அவர் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை" என்றாள் தர்சினி, "நான்தான் சொன்னனான் மச்சாள். மிளகாய் எல்லாம் வாடுது, இண்டைக்கும் தண்ணி போகாட்டில் ஒண்டும் மிஞ்சாது, என்ன நடந்தாலும் மெசினை நிக்க விடாதேங்கோ எண்டு. நான் சொல்லித்தான் அந்த மனுசன் ஓடினது. உங்களைத் திட்டிப் பேசினால் நான் சொன்னது எனக்குக் கேக்காது. அதுதான் பேசினனான்."

லோஜன் எழுந்து, மெசினைக் கயிற்றோடு மேலே இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, வாளியைக் கயிற்றில் கட்டினான். செய்தி பரவி அயலிலுள்ளவர்களும் வாளிகளோடு வந்தார்கள். ஒருவர் அள்ள ஒருவர் வாங்க, பொழுது சாயும்வரை இறைத்தார்கள். உதயகலாவின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. தர்சினி அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று அதே கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அள்ளிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் வேலியோடு ஓடி வீணானது. அவர்களுக்குப் பின்னால் வெங்காயமும் மிளகாயும் கருகிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அதைத் திரும்பிப் பார்க்க இருவருக்கும் மனம் வரவில்லை.